மூச்சை எண்ணும் பெட்டி

மூடிய படுக்கையறைக்குள் பதினோரு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். சுஹைப்பின் மடிக்கணினி அப்படித்தான் சொன்னது.

“பதினொண்ணா?” ஹனீபா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். “தம்பி, அந்த ரூம்ல கட்டிலும் அலமாரியும் போட்டது போக நான் புரண்டு படுக்கவே இடமில்லலா.”

சுஹைப் எண்ணிக்கையை மறுபடி ஓடவிட்டான்; அதே பதினொன்று. அவர் மகள் அஃப்ரீனைப் பெண் கேட்டுத்தான் சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறான். கூட்டம் வேண்டாம், முதலில் நான் மட்டும் வந்து பேசுகிறேன் என்று அவனேதான் சொல்லியிருந்தான். ஹனீபாவுக்கோ ஒரே சந்தேகம்: வைஃபை பெட்டி செய்வதெல்லாம் ஒரு வேலையா?

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே, போன வாரம் தன் கம்பெனிப் பெட்டி ஒன்றை அனுப்பி இங்கே மாட்ட வைத்திருந்தான். இணையம் தரும் அதே அலை சுவரைத் தாண்டிப் போய், மூச்சு விடும் நெஞ்சில் பட்டுத் திரும்பும்; ரேடார் மாதிரி ஆட்களை எண்ணிவிடும். கீழே ஹனீபாவைச் சந்தித்ததிலிருந்து லிஃப்டில் ஏறி வரும்வரை இந்தப் பெருமையைத்தான் பேசிக்கொண்டு வந்தான்.

பேச்சு சுவாரசியத்தில், பக்கத்து வீட்டு வாசலில் குவிந்து கிடந்த கல் வைத்த செருப்புகளில் கால் இடறிவிட்டது. ஹனீபாதான் பிடித்துக்கொண்டார். “பார்த்து தம்பி. சீன அங்கிள் வீட்டுல ஏதோ விசேஷம் போல.”

இப்போது அவர் படுக்கையறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ரபியா, உள்ள எத்தனை பேரு?”

“நானும் அஃப்ரீனும்தாங்க,” என்றது மனைவியின் குரல்.

“கேட்டுச்சா? சரி, அத விடுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் எம்பொண்ணு வேலைக்குப் போகலாமா?”

திரையில் பதினொன்று சட்டென்று பூஜ்யமானது.

“அது அவங்க இஷ்டம், அங்கிள். லேட்டா வந்தா நான் சமைச்சு வைப்பேன்.”

பூஜ்யம் மறுபடியும் பதினொன்றானது.

“நல்ல மிஷின்லா. ஒரு நிமிஷத்துல பதினோரு பேரக் கொன்னுட்டு, மறுபடி உசுரும் குடுத்துருச்சு.” ஹனீபா மடிக்கணினியை மெல்ல மூடினார். “கோவிச்சுக்காதீங்க தம்பி. ரெண்டு பேர ஒழுங்கா எண்ணத் தெரியாத சாமானச் செய்றவரை நம்பி, எம்பொண்ண எப்படிக் குடுப்பேன்?”

எம்ஆர்டி ரயிலில் அஃப்ரீனோடு நின்றுகொண்டே பேசிய இரண்டு வருடப் பேச்சும் வீணாகிவிட்டதென்று சுஹைப் நினைத்தான். எண்களே எதிராகச் சாட்சி சொல்லும்போது அவன் என்ன வாதாடுவான்? பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று எழுந்துபோய், பிளக்கைப் பிடுங்கினான்.

பச்சை விளக்கு அணைந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் ஒன்பது பத்துப் பெண்குரல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பதற, எல்லாவற்றுக்கும் மேலே ரபியாவின் குரல் கேட்டது.

“வைஃபை போச்சே, மாப்பிள்ளை சமைப்பேன்னு சொன்னது வீடியோ கால்ல காயல்பட்டினத்துச் சொந்தக்காரங்களுக்குக் கேட்டுச்சா?”