சமையலறைக் குழாய்

புராஸ்டேட் பெருத்துப்போன பிறகு, சவரிமுத்து கழிவறைக்குள் போய்ச் சிறுநீர் இறங்காமல் நிற்கும்போதெல்லாம் அவர் மனைவி பிலோமினா சமையலறைக் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அவருக்கு இறங்கிவிடும். "ஆச்சா, மூடவா?" என்று அங்கிருந்தே கேட்பாள். ஏழு வருடம் அதைக் கவனித்துப் பழகிய அந்தக் கணினி வீடு, அவள் செத்த பிறகு தானே குழாயைத் திறந்தது. முதலில் கொஞ்சம், பிறகு முழுதாக, அச்சு அசல் அவளைப் போலவே.

போன மாதம் மகள் ஜெசிந்தா புது மாத்திரை வாங்கி வந்தாள். இரண்டே வாரத்தில் அவருக்குத் தடையில்லாமல் போயிற்று. வீடு அதையும் கவனித்தது. குழாய் ஓய்ந்துவிட்டது.

இன்று டாக்டர் திரையில் வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தார். "மறுபடியும் அடைக்குதே ஐயா. இப்படியே விட்டா கிட்னி கெட்டுப்போயிரும். மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா?"

"ஒருநாளும் விட்டதில்ல டாக்டர்."

திரை அணைந்ததும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சட்டைப்பையில் இருந்த காலை மாத்திரையை டாய்லெட்டுக்குள் போட்டார். அடிவயிறு கல்லாகக் கனத்தது. சுவரில் கையூன்றிக் காத்து நின்றார்.

சமையலறையில் குழாய் திறந்தது, முதலில் கொஞ்சமாக.

"இன்னும் ஆகல பிலோ," என்றார். "மூடிராத."