பச்சை கட்டிய வயல்

மலையூரின் மார்கழிக் குளிரில் கோதுமை நான்கு இலை விட்டிருந்தது. தங்கப்பொண்ணு களைக்கொல்லி டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினாள். மூன்று மாதமாக முழுகாமல் இருப்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முன்பு இரண்டு முறை சொல்லி, கணவன் வேலப்பன் ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்து, இரண்டுமே தங்கவில்லை. இப்போது அவனுக்குத் தோள்பட்டை பிசகியிருந்தது. அவளும் மருந்தடிக்க மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுவாரம் பயிர் வெளுத்தது. வேலப்பன் பதறிப்போய் மருந்துக்கடைக்கு ஓடினான்.

"பயப்படாதீங்க. கோதுமை மருந்தைச் செரிச்சுக்கும், களைதான் சாகும். பத்து நாள்ல பச்சை கட்டிரும்" என்றார் கடைக்காரர்.

அதிலிருந்து எட்டாம் நாள் விடியலில் அவளுக்கு உதிரம் போனது. மருந்தினாலா, சுமையினாலா, தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை. கொல்லையில் தானே குழி தோண்டி மூடிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து வேலப்பன் வயலிலிருந்து ஓடிவந்தான். "ஏ புள்ள, பொழச்சிருச்சு! வந்து பாரு!"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி விம்மினாள்.

"கிறுக்கி, எதுக்கு அழுவுற? பொழச்சிருச்சுன்னுதானே சொல்றேன்" என்று சிரித்தபடி கையைப் பிடித்துத் தூக்கினான்.

அவள் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, அவனோடு பார்க்கப் போனாள்.