கண்ணடிக்கும் ஹால் லைட்

"வீட்டுக்குள்ளேயே ஒரு இன்ஜினியரை உக்கார வச்சுக்கிட்டு யாராவது வெளியாளைக் கூப்பிடுவாங்களா?" என்றாள் சம்பந்தியம்மா.

அந்த இன்ஜினியர் வாயில் இருந்த காபியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார். மகளின் புகுந்த வீட்டுக்கு வந்து காபி ஆறக்கூட இல்லை. அதற்குள் தலைக்கு மேலே ஹால் லைட், அவருடைய ரகசியம் முழுவதும் தெரிந்ததைப் போல விடாமல் கண்ணடித்தது.

மின்சார அலுவலகத்தில் அவர் முப்பது வருடம் இருந்தது சத்தியமான உண்மை. ஆனால் இருந்த இடம் கேன்டீன். சாப்பாட்டு டோக்கன் கிழித்துக் கிழித்தே அவருக்கு 'டோக்கன்' என்று பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மாப்பிள்ளையின் அப்பா பேங்க் மேனேஜர் என்று கேள்விப்பட்ட நிமிஷம், நாக்கு அவரிடம் அனுமதி வாங்காமலே 'இன்ஜினியர்' என்று சொல்லிவிட்டது. மகள் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இன்றுவரை குனிந்துகொண்டுதான் இருக்கிறாள்.

இப்போதும் குனிந்தபடியே சொன்னாள்: "அப்பாவுக்கு முட்டி வலி அத்தை. ஸ்டூல்ல எல்லாம் ஏற வேணாம்."

"முட்டியாவது ஒண்ணாவது! உங்கப்பா ஏறாத கம்பமா?"

மாட்டிக்கொண்டோம் என்று டோக்கனுக்குத் தெரிந்துவிட்டது. தன் மானம் போனால் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம். மகள் இந்த வீட்டில்தானே காலம் தள்ள வேண்டும்?

சம்பந்தி உள்ளேயிருந்து ஸ்டூல், டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் அளவுக்கு இஸ்திரி போட்ட சட்டை. கைத்தறிப் பட்டைத் தடவுவதுபோல டெஸ்டரைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"முதல்ல டெஸ்டரை வேலை செய்யுற பிளக் பாயிண்ட்ல வச்சுப் பார்ப்பீங்கல்ல சம்பந்தி? டெஸ்டரே செத்துப்போயிருந்தா ஆபத்தில்லையா?"

"பின்னே! அதைத்தான் செய்யப் போறேன்."

"அப்புறம் மெயினை அணைக்கச் சொல்லுவீங்க."

"சொல்ல வாயெடுத்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க."

மெயின் அணைந்தது. ஃபேன் நின்றது. டோக்கனுக்கு வியர்வை அருவியாகக் கொட்டியது. இந்த ஆள் பரீட்சை வைக்கிறான். விஷயம் எங்கேயோ கசிந்துவிட்டது. சம்பந்தியம்மா வேறு, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஒலிபரப்பே செய்துகொண்டிருந்தாள்: "எங்க சம்பந்தி பெரிய இன்ஜினியர். அவரே கைவச்சுப் பாக்குறார்!"

டோக்கன் ஸ்டூலில் ஏறினார். ஸ்டூல் ஆடவில்லை, அவர்தான் ஆடினார்.

"பல்பு சூடா இருக்கும். கொஞ்சம் ஆறட்டும்னு விடுவீங்க, இல்லையா?"

நீட்டிய கையை டோக்கன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

ஒருவழியாகப் பல்பு கீழே வந்தது. சம்பந்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் பையன் மாட்டின எல்இடி பல்பு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சுவிட்சுக்கு எல்லா எல்இடியும் ஒத்துக்குமா, இல்ல அதுக்குன்னு தனியா விக்கிறாங்களா?"

"தனியா..." என்று டோக்கன் இழுத்தார். சம்பந்தியின் தலை மெல்ல மேலும் கீழும் ஆடியது. "தனியாத்தான் விக்கிறாங்க!"

"அடடா, இன்ஜினியர்னா இன்ஜினியர்தான்!"

கேலியேதான். சந்தேகமே இல்லை. மகளின் கழுத்து இன்னும் ஒரு பிடி இறங்கியது.

"இருட்டா இருக்கு. ரெண்டு பேரும் போய்ப் பக்கத்து வீட்ல டார்ச் வாங்கிட்டு வாங்க," என்று சம்பந்தி பெண்கள் இருவரையும் அனுப்பிவைத்தார்.

டோக்கன் ஸ்டூலிலிருந்து இறங்கி, சுவரில் இருந்த அந்தச் சுவிட்சின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு வயர் முனை கருகியிருந்தது. குப்பென்று நாற்றம் அடித்தது.

"இப்ப என்ன பண்ணுவீங்க சம்பந்தி?"

இந்தக் கேள்விக்குள் பதில் இல்லை. டோக்கனின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் நழுவி விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட அவருக்கு முகம் இல்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"போதும் சம்பந்தி. நான் இன்ஜினியர் இல்ல. அந்த ஆபீஸ் கேன்டீன்ல டோக்கன் கிழிச்சவன். வெக்கமா இருக்கு. எந்தத் தண்டனை வேணும்னாலும் எனக்குக் குடுங்க, எம் பொண்ணை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. அவ வாயைத் திறந்து பொய் சொன்னதே இல்ல."

வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. போச்சு, கழுத்தைப் பிடிக்கப் போகிறான் என்று டோக்கன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, இஸ்திரி சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, சம்பந்தி அந்தக் கருகிய சுவிட்சைச் சுவரிலிருந்து பிரித்து எடுத்திருந்தார். வயர் முனைகளில் கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் பார்த்து, கருகியதை நறுக்கி, தனித்தனியாக டேப் சுற்றி மூடி, "புது சுவிட்ச் வர்ற வரைக்கும் இந்த லைட்டோட லைனை மட்டும் போர்டுல அணைச்சே வைக்கணும்," என்று முடிப்பதற்குள் டோக்கன் மூச்சுவிடவே மறந்திருந்தார்.

"கேள்வி கேக்குற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தேனே, கடைசியில இப்படிக் கவுத்துட்டீங்களே!" என்று சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். "உங்க பொண்ணு இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொட முடியல. அந்த பேங்க் மேனேஜர் ரூமுக்கு நான் போய்க்கிட்டிருந்தது நிஜம்தான் சம்பந்தி. ஆனா நாற்காலியில உக்கார இல்ல, ஸ்டூல்ல ஏறி லைட்டு மாட்ட."