ஆவணிக்குப் போன கம்ப்யூட்டர்

'இன்னைக்குத் திறக்கலைன்னா, அப்புறம் திறந்தும் பிரயோஜனம் இல்லை.'

பூஜிதா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காபி டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டு, மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். பாஸ்வேர்டு கொடுத்ததும் மெயில் பக்கம் உள்ளே போவதுபோல் போய், மறுபடி வாசலுக்கே வந்து பாஸ்வேர்டு கேட்டது.

"பாரு அம்மணி, போன வாரம் புது விண்டோஸ் போட்டதுல இருந்து இதே கூத்துதான்" என்றார் மாமனார் வரதராஜுலு.

அவிநாசியில் அவருடைய டர்க்கி டவல் கம்பெனியின் ஆபீஸ், வீட்டின் முன்னறைதான். ஜெர்மனிக்காரன் புது ஆர்டருக்கான கலர் படங்களை மெயிலில் அனுப்பியிருந்தான். இன்று மாலைக்குள் 'சரி' என்று பதில் போகாவிட்டால் ஆர்டர் கரூருக்குப் போய்விடும்.

"ஃபேக்ஸ்ல அனுப்பச் சொல்லலாமுங்களே?" என்றான் சர்வீஸ் இன்ஜினியர் செங்கோடன்.

"சொன்னேன். வந்துச்சு. நீலம், பச்சை, ரோஸ் அத்தனையும் கரிக்கட்டையாட்ட வந்துச்சு. அதைப் பார்த்து என்னத்தைச் சாயம் போடறது? பிரௌசிங் சென்டருக்குப் போலாம்னா, திருப்பூர்லயும் கோயமுத்தூர்லயும் இன்னைக்குப் பார்த்துக் கடையடைப்பு!"

செங்கோடன் பிரவுசரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். வாசலுக்கே வந்தது. மோடத்தைக் கழற்றி மாட்டினான். வாசலுக்கே வந்தது.

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க ஐயா. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முதல்ல இருந்து ஏத்தோணும். கொண்டு போயி, வெள்ளிக்கிழமை குடுத்தர்றேனுங்க."

"வெள்ளிக்கிழமை நீ கொண்டாந்தா, அதுல நான் சினிமாவா பார்க்கறது?"

பூஜிதா சட்டென்று நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். அவளுக்கே அது வியப்பாக இருந்தது. இந்த வீட்டில் எது உடைந்தாலும், எது கை நழுவினாலும், தன்னுடையது என்று அவள் பதறியதில்லை.

"மாமா, நான் ஒருக்கா பார்க்கட்டுங்களா?"

செங்கோடன் சிரித்தான். "இது மிக்சி இல்லீங்க அம்மணி."

"மிக்சியா இருந்தா உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டோமுங்க."

மாமனார் பெரிதாகச் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் கொடுத்தார். அந்த நாற்காலியில் அவள் உட்கார்வதை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல் பக்கத்திலேயே நின்றார்.

அவள் எதையும் அழிக்கவில்லை, கழற்றவில்லை. யோசித்தாள். ஆளைத் தெரியாமல் இது தடுக்கவில்லை. தெரிந்து உள்ளே விட்டு, உடனே வெளியே அனுப்புகிறது. அப்படி அனுப்பப்படுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் காபியோடு இந்த அறைக்குள் வந்ததும் தொழில் பேச்சு நின்றுபோகும். அவள் வெளியே போனதும் தொடரும்.

ஏதோ ஒன்று பொருந்தவில்லை. எது? மவுசை ஒவ்வோர் இடமாக நகர்த்தினாள். திரையின் மூலையில், மணி காட்டும் இடத்தில் வைத்தபோது சின்னக் கட்டத்தில் தேதி எழும்பியது. ஆகஸ்ட் இருபத்தேழு.

வெளியே ஆடிப்பெருக்கே இன்னும் வரவில்லை.

"மாமா, இதுல தேதியை யாருங்க மாத்துனது?"

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "விண்டோஸ் போட வந்த பையன்கிட்ட நாந்தான் கண்ணு மாத்தச் சொன்னேன். ஆடி மாசத்துல புதுசா ஒண்ணை ஆரம்பிப்பாங்களா? அதான், ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தள்ளி வெச்சுப்போட்டு ஆரம்பிடான்னேன்."

"தேதிக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றான் செங்கோடன்.

"மெயில்காரங்க உள்ள விடறப்ப, இன்னைக்கு மட்டும் செல்லும்னு ஒரு சீட்டுக் குடுக்கறாங்க. நம்ம கம்ப்யூட்டர் ஆவணியில உட்கார்ந்துட்டு, இது போன மாசத்துச் சீட்டுன்னு கிழிச்சுப் போடுது."

மாமனார் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "அப்ப ஆடிக்கே கொண்டாந்தர்றயா? குத்தம் ஒண்ணும் வராதே?"

"வந்தா ஆவணியில போயித் தேடட்டுமுங்க. நாம ஆடியில இருக்கறோம்."

தேதியைத் திருத்தினாள். விரல்கள் விறுவிறுவென்று பாஸ்வேர்டை அடித்தன. இந்தத் தடவை பக்கம் வாசலுக்குத் திரும்பவில்லை. பெட்டி திறந்தது. அவள் சற்று நேரம் திரையையே பார்த்தாள். சோதித்துப் பார்ப்பவள்போல் இரண்டு வரி அடித்தாள். பிறகு அதை மூடினாள்.

"சரியாயிருச்சுங்க மாமா. இனி உங்க பாஸ்வேர்டைப் போடுங்க."

நீலம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. பின்னால் பச்சை, ரோஸ். மாமனார் நின்றபடியே சொல்லச் சொல்ல அவள் 'சரி' என்று பதில் அனுப்பினாள்.

"ஏய், இங்க வந்து பாரு! மருமக ஆர்டரைப் புடிச்சுப்போட்டா!" என்று அவர் போட்ட சத்தத்தில் சமையலறையில் ஏதோ கீழே விழுந்தது.

செங்கோடன் பையை மூடினான். "வாரேனுங்க மேடம்" என்றான். அம்மணி, மேடம் ஆகியிருந்தாள்.

மாமனார் அவள் தலையை லேசாகத் தொட்டார். "கண்ணு, நாளையில இருந்து நீ இங்கயே உட்காரு. நான் சொல்லச் சொல்ல நீ அடிச்சு அனுப்பு. சரிதானே?"

போன வருஷம் கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பாள். அதை நினைத்தபோது அவளுக்கு வருத்தம் வரவில்லை; லேசாகச் சிரிப்புத்தான் வந்தது. எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"முடியாதுங்க மாமா" என்றாள் மெதுவாக. "மத்தியானம் நீங்க கண்ணசர்ற நேரத்துல நானும் டென்மார்க்குக்கு எழுதிப் போட்டிருந்தேனுங்க, சென்னிமலைப் போர்வைக்கு எனக்கும் ஆர்டர் வந்திருக்குது, உங்களுக்கு முன்னாடியே 'சரி'ன்னு பதில் போட்டுட்டேன்."