மாப்பிள்ளை பறித்த திராட்சை

பிரான்சின் ஒயின் ஊரான சொத்தேர்னில் மாமியார் ஒதில் தினமும் விடிந்ததும் பனிமூட்டத்தில் திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கொத்துகளைத் தடவிப் பெருமூச்சு விட்டாள்.

புது மாப்பிள்ளை எம்ரிக்குக்கு இன்றுதான் காரணம் புரிந்தது. செமியோன் ரகத் திராட்சையில் பாதி, சாம்பல் பூஞ்சை பிடித்துச் சுருங்கியிருந்தது. நார்மண்டியில் ஆப்பிள் வளர்த்தவன் அவன். மற்றதற்குத் தொற்றுமுன் அழுகியதையெல்லாம் வெட்டிக் கூடையில் போட்டான். கூடையோடு அவளிடம் போனான்.

"அத்தை, மனசைத் திடப்படுத்திக்குங்க. இவ்வளவும் போச்சு. குழியில கொட்டிடவா?"

ஒதில் ஒரு பழத்தை வாயில் போட்டாள். கண் கலங்கியது.

"இந்தப் பூஞ்சை பிடிச்சாத்தான் மாப்பிள்ளை, நம்ம ஒயினுக்கு அந்தத் தேன் இனிப்பு. மீதிக்கு இன்னும் பிடிக்கலையேன்னுதான் ஒரு மாசமா நான் தூங்கல."

கூடையை அவளே தூக்கிக்கொண்டாள்.

"சாப்பாட்டுக்குப் பழைய புட்டியைத் திறக்கறேன், தொட்டுக்க ரோக்ஃபோர் சீஸ். அதுலயும் பூஞ்சைதான். அதையும் கொட்டிடாதீங்க."