பெயரில்லாத டீச்சர்

ஓசூர் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் வீடியோ முடிந்ததும் மாதேஸ்வரன் சீறினார். "இதெல்லாம் ஒரு டீச்சரா? முதல்ல வேலையை விட்டுத் தூக்குங்க!"

ஆள் அடையாளம் தெரியக் கூடாதென்று, டீச்சரையும் பிள்ளைகளையும் ஏஐ மென்பொருள் பொம்மைகளாக மாற்றியிருந்தது. வீடியோவில், கன்னடத்தில் பதில் சொன்ன சிறுமியை, "காட்டுப் பாஷையைக் காட்டுல போய்ப் பேசு" என்று ஒரு பெண் குரல் விரட்டியது. வகுப்பே சிரிக்க, சிறுமி அழுதபடி உட்கார்ந்தாள்.

அது யாரென்று மாதேஸ்வரனுக்குச் சந்தேகமே இல்லை. அஞ்செட்டிப் பள்ளியில் அவருடன் வேலை செய்யும் பவுலினாதான். போன வருஷம் சேர்ந்த அவளை ஆரம்பத்திலிருந்தே அவருக்கு ஆகாது.

"கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க சார்" என்றார் பயிற்சியாளர் அருணா.

"குழந்தையை அழவைக்கிற ஜென்மத்துக்கு என்ன பொறுமை?" பவுலினாவைப் பார்த்தே கேட்டார். அவள் தலை நிமிரவில்லை. "அந்த மூஞ்சியைக் காட்டுங்க மேடம், எல்லாரும் பார்க்கட்டும்!"

"சம்பந்தப்பட்டவங்க சம்மதிச்சாதான் காட்ட முடியும் சார்."

"அவங்க எப்படிச் சம்மதிப்பாங்க?" என்று இளித்தார்.

அருணா ஒரு கணம் தயங்கினார். "இப்பத்தான் சம்மதிச்சீங்களே சார்" என்று பட்டனை அழுத்தினார்.

பிள்ளைகள் பொம்மைகளாகவே இருக்க, டீச்சரின் பொம்மை முகமும், ஏஐ மாற்றியிருந்த பெண் குரலும் மட்டும் கலைந்தன. வகுப்புக் கேமராவில் பதிவாகியிருந்த மாதேஸ்வரன், கையை ஓங்கியபடி நின்றார்.

பவுலினா மெல்ல நிமிர்ந்தாள். "எனக்கு முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சிடுச்சு சார். பக்கத்து ரூம்ல தினமும் கேக்கறேனே."