ஆலைக்குள் கித்தார்

ஆயுத பூஜை. பருத்தி அரவை ஆலையின் தகரக் கூரையில் மாலை வெயிலின் சூடு இன்னும் தணியவில்லை. சந்தனம் பூசிய எந்திரங்களுக்கு முன்னால், முதலாளி வீட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, எங்கள் சங்கத்துப் பாட்டுக்காரர் அருளப்பன் அண்ணாச்சி கித்தார் வாசிக்கிறார். நரைத்த மீசையில் ஒட்டிய பஞ்சுத் துணுக்கு அவர் மூச்சுக்கு ஆடுகிறது. வேலைநிறுத்தத்தில் சீட்டுக் கிழிந்த நாங்கள் இரும்புக் கிராதிக்கு வெளியே நிற்கிறோம். "உங்களத் திரும்பச் சேக்கிற வரைக்கும் இந்த ஆலைக்குள்ள என் கித்தார் கேக்காது" என்று பங்குனியில் எங்கள் கூட்டத்தில் சொன்னவர் அவர்தான். எந்திரத்தில் கை போன லிங்கம்மாளுக்காக அவரே மெட்டுப் போட்ட பாட்டைத்தான் இப்போது வாசிக்கிறார். சங்கத்துச் சுவரில் கரியால் எழுதியிருந்த அந்தப் பாட்டில்தான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன். வார்த்தை இல்லாமல் கேட்டால் கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கிறது. முதலாளி பொரியை மென்றபடி தலையாட்டுகிறார்.

"நம்மளக் கைவிட்டுட்டாகளே" என்கிறேன்.

"ஏலே கூறுகெட்டவனே, மொதலாளி மூஞ்சிக்கு நேராவே நம்ம பாட்ட எடுத்திருக்காக. வார்த்தைய நாமதான் போடணும்" என்கிறான் பக்கத்தில் நிற்கும் இன்பராஜ். கிராதியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தொண்டை நரம்பு புடைக்கப் பாடுகிறான். லிங்கம்மாளின் பெயர் ஆலைக்குள் போய் விழுகிறது. முதலாளியின் தாடை நிற்கிறது. அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை அமுக்குகிறார். பாட்டில் கித்தார் தனியாக வர வேண்டிய இடத்தில், இன்பராஜ் கண்ணைத் திறக்காமல் காத்திருக்கிறான்.